ரோடு முடியும் இடம்

வீரராகவன்: "மாமா, ரோடு முடிஞ்சிடுச்சா?"ன்னு ஒரு கொழந்தை ஒரு தடவை கேட்டுது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற ஆப் எதும்மா? அதைப் போட்டுக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்.

கல்பனா: எந்தக் கொழந்தை சார்?

வீரராகவன்: யாரோ. பழைய கதை.

கல்பனா: நீங்க என்ன பதில் சொன்னீங்க?

வீரராகவன்: காபி ஆறிடப் போறது. டம்ளர் உன் வலது கைக்கு நேரா, ஒரு ஜாண் தள்ளி வச்சிருக்கேன்.

கல்பனா: நான் கேட்டதுக்குப் பதில் வரல.

வீரராகவன்: நான் கேட்டதுக்கும்தான் வரலை. அப்படி ஒரு ஆப் இருக்கா, இல்லையா?

கல்பனா: இல்ல. மூணு வாரமா மூணு ஆப் போட்டுக் குடுத்திருக்கேன். மூணுமே அதைச் சொல்லாது.

வீரராகவன்: வழி சொல்றதுக்குன்னே பண்ணின ஆப்புக்கு, ரோடு முடிஞ்சுதா இல்லையான்னு தெரியாதா? அதுவும் கண்ணு தெரியாதவாளுக்குன்னு பண்ணினதுக்கு?

கல்பனா: மேல சுத்துற சாட்டிலைட்டுக்கு நீங்க ஒரு புள்ளி சார். அந்தப் புள்ளி எட்டு மீட்டர் முன்ன பின்ன இருக்கும். எட்டு மீட்டர்னா பாதி ரோடு. நீங்க நடைபாதையில நின்னாலும் பஸ்ஸுக்கு முன்னால நின்னாலும் அதுக்கு ஒண்ணுதான்.

வீரராகவன்: பெருமாளே.

கல்பனா: பெருமாளுக்குத் தெரியும். போனுக்குத் தெரியாது.

வீரராகவன்: சிரிக்காதே. நாளைக்கு மேக்னா வரா. அவ திட்டம் என்னன்னு சொன்னேனோன்னோ?

கல்பனா: பரீட்சை. நீங்க தனியா லேக் மார்க்கெட் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பணும். உங்க பொண்ணு பேசாம பின்னாடியே வருவாங்க.

வீரராகவன்: போயிட்டு வந்தா இந்த வீடு. இல்லேன்னா கோயம்புத்தூர்ல ஹோம். ரூம் நம்பர்கூடச் சொல்லிட்டா. பதினாலு.

கல்பனா: கோயம்புத்தூர் நல்ல ஊர் சார். தண்ணி நல்லாருக்கும்.

வீரராகவன்: உனக்கென்ன, சொல்லுவே. இந்த வீட்டுல எந்தக் கதவு எப்படி முனகும்னு எனக்குத் தெரியும். அங்க போனா முதல்லேர்ந்து குருடனாகணும். பதினாலு மாசம் பட்டது போறாதா?

கல்பனா: பதினாலு மாசந்தானே. நான் பொறந்ததுலேர்ந்து. முப்பத்தஞ்சு வருஷம் சீனியர். மரியாதை குடுங்க.

வீரராகவன்: குடுத்துண்டுதானே இருக்கேன். டிகிரி காபி.

கல்பனா: சக்கரை போட மறந்துட்டீங்க. கிளம்பலாம். ஏழு மணிக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்துட்டா ரோடு காலியா இருக்கும். தடி எங்க?

வீரராகவன்: ஆச்சு, ஆச்சு, எடுத்துண்டுட்டேன்.

கல்பனா: அந்த "ஆச்சு ஆச்சு"வை விடுங்க சார்.

வீரராகவன்: ஏன்? பழக்கம். ஆபீஸ்லேர்ந்து வந்தது. யார் வந்து ஃபைல் கேட்டாலும் ஆச்சு, ஆச்சும்பேன். ஆகியிருக்காது.

கல்பனா: தெரியும்.

வீரராகவன்: என்ன தெரியும்?

கல்பனா: ஆகியிருக்காதுன்னு. படி பதினொண்ணு. எண்ணிக்கிட்டே இறங்குங்க.

வீரராகவன்: ...ஒம்போது, பத்து, பதினொண்ணு. எந்த ஆப்பைத் திறக்கட்டும்? வழி சொல்ற ஹெட்கிளார்க்கையா, கடை கடையாச் சொல்ற ஊர்வம்பையா?

கல்பனா: ரெண்டும். இயர்போன் ஒரு காதுல மட்டும். இன்னொரு காது ரோட்டுக்கு. எத்தனை தடவை சொல்றது?

வீரராகவன்: ஒரு காதுல ஹெட்கிளார்க், ஒரு காதுல நீ. என் ரிட்டயர்மென்ட் இப்படியா போகணும்?

கல்பனா: சரி, சேர்ந்து நடக்கிற அன்னிக்கு ஸ்பீக்கர்ல வைங்க. எனக்கும் கேக்கட்டும்.

போன்: வடக்கு நோக்கிச் செல்லவும். எண்பது மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்.

வீரராகவன்: வடக்கு எதுன்னு இவனுக்குக் காட்டத் தெரியுமா? அதிகாரம் மட்டும் நன்னா பண்றான்.

கல்பனா: முதுகை வீட்டு வாசலுக்குக் காட்டினா வடக்கு. நடங்க... நில்லுங்க. என்ன சார் அது?

வீரராகவன்: எது?

கல்பனா: உங்க கால். ஒரு செருப்பு இழுக்குது. போன வாரம் அந்தச் சத்தம் இல்ல.

வீரராகவன்: புது செருப்பு.

கல்பனா: செருப்பு பழசு. வார் அறுந்த சத்தம் அப்படியேதான் இருக்கு. எங்க விழுந்தீங்க?

வீரராகவன்: நேத்திக்குத் தனியாப் போய்ப் பாத்தேன். நாலு பேருக்குத் தெரியாம ஒரு தடவை ஒத்திகை பாத்துக்கலாம்னு.

கல்பனா: எதுல?

வீரராகவன்: ஊர்வம்புல. நீதானே சொன்னே, "நமக்கு வேணுங்கற எடத்துல நின்னு நம்ம குரல்லயே குறிச்சு வைக்கலாம், அடுத்த தடவை அந்த எடம் வந்தா அதுவே சொல்லும்"னு. பூஜையப்ப நின்னு குறிச்சேன். நாலு எடம். அருமையாக் குறிச்சிருந்தேன்.

கல்பனா: பூஜையப்பவா?

வீரராகவன்: ஏன்?

கல்பனா: என்ன குறிச்சீங்க? போட்டுக் காட்டுங்க.

போன்: (வீரராகவனின் குரலில்) மூங்கில் வேலி ஆரம்பம். இடது கையால வேலியைத் தொட்டுண்டே போகணும். வேலி முடியற எடத்துல வலப்பக்கம்.

கல்பனா: ஐயோ சார்.

வீரராகவன்: எனக்கென்ன தெரியும்? ஒரு மாசமா அந்த வேலி இருந்தது. சந்து முழுக்க மூங்கில். தொட்டுண்டே போனா தண்டவாளம் மாதிரி வழி. இதைவிட நல்ல அடையாளம் கல்கத்தாவுல கிடைக்குமான்னு நெனச்சேன்.

கல்பனா: அது துர்கா பூஜைப் பந்தலோட வேலி. விஜயதசமி முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. பிரிச்சு லாரியில ஏத்திட்டாங்க.

வீரராகவன்: உன் முழங்கையைப் பிடிச்சுண்டு வந்தப்போ தெரியலை, நேத்திக்குத்தான் அது தெரிஞ்சுது. போன்ல என் குரலே "வேலியைத் தொடு, வேலியைத் தொடு"ங்கறது. நான் காத்தைத் தடவிண்டே போறேன். எங்கயோ முடியும், எங்கயோ முடியும்னு போயிண்டே இருக்கேன். திடீர்னு ஒரு ரிக்‌ஷாக்காரன் பெங்காலில கத்தறான். பாத்தா... பாக்கறதாவது... நடு ரோட்டுல நிக்கறேன். மூங்கில் நட்ட பள்ளத்துல கால் போயி முட்டி சிராய்ஞ்சுடுத்து.

கல்பனா: யார் தூக்கிவிட்டா?

வீரராகவன்: அந்த ரிக்‌ஷாக்காரன்தான். திட்டிண்டே தூக்கினான், திட்டிண்டே வீட்டு வாசல்ல கொண்டு விட்டான். "சவாரிக்கு எவ்வளவு"ன்னேன். அதுக்கும் திட்டினான்.

கல்பனா: நல்ல மனுஷன்.

வீரராகவன்: அவன் பேர்கூடக் கேக்கலை.

கல்பனா: அந்தக் குறிப்பை அழிங்க. ரெண்டு தட்டு தட்டி அழுத்திப் பிடிங்க. "நீக்கு"ன்னு சொல்லும்.

போன்: குறிப்பு நீக்கப்பட்டது.

கல்பனா: நாளைக்கும் இருக்கிறதைத்தான் குறிக்கணும். டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம், குழாயடி, அந்த மாதிரி. இங்க குறிங்க. டிரான்ஸ்ஃபார்மர் கேக்குதா?

வீரராகவன்: ஆச்சு, ஆச்சு... சரி, சொல்லலை. "டிரான்ஸ்ஃபார்மர். இங்க வலப்பக்கம்." போறுமா?

கல்பனா: போதும். நடங்க. முட்டி வலிச்சா சொல்லுங்க. நானும் சாய்ஞ்சுதான் நடக்கிறேன், நீங்களும் அப்படியே. பின்னாலேர்ந்து பாக்கிறவங்க அப்பாவும் பொண்ணும்னு நெனைப்பாங்க.

வீரராகவன்: ...

கல்பனா: என்ன சார், பேச்சைக் காணோம்?

வீரராகவன்: ஒண்ணுமில்லை. உன் கால்... ரொம்ப நாளாவா?

கல்பனா: ரொம்ப நாளா. மழை வந்தா வலிக்கும். மறுபடி மாறிட்டீங்க பாருங்க.

வீரராகவன்: என்ன மாறினேன்?

கல்பனா: வண்டி வர்ற பக்கம். நான் ரோட்டோரமா வந்தேன். இப்ப நீங்க ரோட்டோரம். மூணு வாரமா இதையே செய்யறீங்க.

வீரராகவன்: சும்மா. காத்து வரட்டும்னு.

கல்பனா: ம். காத்து.

போன்: உங்கள் இடதுபுறம், மருந்துக் கடை. உங்கள் இடதுபுறம், புடவைக் கடை. உங்கள் இடதுபுறம், இனிப்பகம்.

வீரராகவன்: ஊர்வம்பு ஆரம்பிச்சுட்டா. எவன் வீட்டுல என்ன கடைன்னு ஒண்ணு விடமாட்டா.

கல்பனா: தாதா, எக்டு ஷோருன்... அண்ணா, கொஞ்சம் நகருங்க. வண்டியை நடைபாதையிலயே நிறுத்தினா எப்படிப் போறது? ...சரி, நகர்ந்துட்டாரு. வாங்க. இப்ப என்ன வாசனை வருது?

வீரராகவன்: காபி. வறுக்கறான்.

கல்பனா: அதான் அடையாளம். காபிப்பொடிக் கடை. அந்த வாசனை வந்தா நின்னுடணும். இதுக்கு மேல ரோடு. எதிர்ப்பக்கம் மார்க்கெட். வாசனையை ஊர்வம்புல குறிக்க முடியாது, மூக்குல குறிச்சுக்கங்க.

வீரராகவன்: இந்தக் கடை வாசல்... எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்.

கல்பனா: எனக்கும். மூணாவது ஆப்பைத் திறங்க. கண்ணு ஆப். முன்னப்பின்ன தெரியாத யாராவது வீடியோவுல வந்து நம்ம கேமராவுல தெரியறதைப் பாத்துச் சொல்வாங்க. அதையும் ஒரு தடவை பாத்துடலாம்.

வீரராகவன்: பாவம், யாரை எழுப்பறமோ... ரிங் போறது.

மது: வணக்கங்க. நான் மது, சேலத்துலேர்ந்து. என்ன பாக்கணும்ங்க?

கல்பனா: போனை நெஞ்சுக்கு நேரா பிடிங்க சார்.

மது: ஆங், தெரியுதுங்க. ரோடு. ஒரு மஞ்சள் டாக்ஸி. எதிர்ல பெரிய கட்டடம், கீழ பூக்கடை. போர்டு என்ன எழுத்துன்னு தெரியலீங்க. எந்த ஊருங்க இது?

வீரராகவன்: கல்கத்தாம்மா. ரோட்டைத் தாண்டலாமா இப்போ?

மது: அது... அதை மட்டும் நாங்க சொல்லக்கூடாதுங்க. ரூலு. எனக்குப் படம் ரெண்டு செகண்டு தாமசமாத்தான் வருது. நான் போங்கன்னு சொல்றதுக்குள்ள ஒரு வண்டி வந்துருச்சுன்னா? பக்கத்துல யாரும் இல்லீங்களா?

வீரராகவன்: ஒரு பொண்ணு இருக்கா.

மது: அப்ப அவங்க கையைப் பிடிச்சுக்கங்க சார்.

கல்பனா: அந்தப் பொண்ணுக்கும் கண்ணு தெரியாதுக்கா.

மது: அக்கா, நான் லைன்லயே இருக்கட்டுங்களா? பிள்ளைங்க இன்னும் எந்திரிக்கல. நீங்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் சும்மா இருக்கேன். பேசக்கூட மாட்டேன்.

கல்பனா: வேணாம்க்கா. நான் தினம் தாண்டறதுதான். கேட்டீங்களே, அதுவே போதும். நல்லா இருங்க.

மது: பத்திரம்ங்க. ரெண்டு பேரும்.

வீரராகவன்: ...வச்சுட்டா.

கல்பனா: என்ன சார்?

வீரராகவன்: சேலத்துல இருக்கா. என் முகம்கூடத் தெரியாது. சேர்ற வரைக்கும் இருக்கட்டுமாங்கறா.

கல்பனா: ம்.

வீரராகவன்: ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போறதுக்கு என்ன ஆயிடும், இல்லையா?

கல்பனா: ஒண்ணும் ஆயிடாது. வலப்பக்கம் வண்டி நிக்குது, கேக்குதா? என்ஜின் சத்தம் ஒரே எடத்துல இருக்கு. நகரல. என் முழங்கையைப் பிடிங்க. ஹெட்கிளார்க்கை ஓட விடுங்க, நடுவுல அவர் என்ன சொல்றாருன்னு நீங்களே கேக்கணும். வாங்க. நேரா. வேகம் வேணாம்... மேடு. ஏறுங்க. நில்லுங்க.

போன்: நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்.

வீரராகவன்: அப்பாடா. சேர்ந்துட்டோம்.

கல்பனா: இல்ல சார்.

வீரராகவன்: சேர்ந்தாச்சுங்கறதே?

கல்பனா: பொய். பாதி ரோட்டுல நிக்கிறோம். இது நடு மேடு. முன்ன ட்ராம் வந்து நிக்கிற எடம். நடைபாதை மாதிரியே இருக்கும், கால்ல மேடு தட்டும், ஏறி நின்னா முடிஞ்சிடுச்சுன்னு தோணும். முன்னால பாதி ரோடு இன்னும் இருக்கு.

வீரராகவன்: பொய்யா சொல்றது அது?

கல்பனா: அதுக்குத் தெரியாது, சொல்லுது. தெரியாமச் சொன்னா பரவாயில்ல.

வீரராகவன்: தெரிஞ்சு சொன்னா?

கல்பனா: ...போனை அணைச்சுப் பையில போடுங்க சார். நான் மூணு வாரமாச் சொல்லாததை இப்ப சொல்றேன். சந்துக்கு ஹெட்கிளார்க். கடைக்கு ஊர்வம்பு. போர்டு படிக்க, பஸ் நம்பர் பாக்க, கண்ணு. ரோட்டுக்கு எந்த ஆப்பும் கிடையாது. ரோட்டுக்கு ஆள்தான். நின்னு, "கொஞ்சம் அந்தப் பக்கம் விடுறீங்களா"ன்னு கேக்கணும். நாளைக்கு உங்க பொண்ணு முன்னாடியும் கேக்கணும்.

வீரராகவன்: மானம் போறதேம்மா.

கல்பனா: போகாது. கேக்கறதும் தனியாப் போறதுல ஒரு பங்குதான். மேக்னாகிட்ட நான் சொல்றேன். நூறு பேரைக் கேட்டா தொண்ணூத்தொம்பது பேர் நடைபாதை வரைக்கும் விட்டுட்டுத்தான் போவாங்க. அதுல ஒருத்தர் என்னை ரோட்டைத் தாண்ட வச்சு, அப்பவும் மனசு கேக்காம பஸ்ல ஏறி பாலிகஞ்ச் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினாரு.

வீரராகவன்: மீதி ஒருத்தன்?

கல்பனா: அவருக்கு ட்ராமுக்கு நேரமாச்சு.

வீரராகவன்: கல்பனா.

கல்பனா: வண்டி கிளம்புது. ஓரமா வராதீங்க. அடுத்த சிக்னல் விழட்டும்.

வீரராகவன்: நான் ட்ராம்னு சொல்லவே இல்லையே. கொழந்தை கேட்டுதுன்னு மட்டும்தானே சொன்னேன்.

கல்பனா: பஸ் சத்தத்துல கேக்கல.

வீரராகவன்: கேட்டுது உனக்கு. தொண்ணூத்தெட்டு. ஜூலை மாசம். மழை அப்பத்தான் விட்டிருந்தது. காபிப்பொடி வாங்கிண்டிருந்தேன். கடைக்காரன்கிட்ட தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசினேன். சட்டை நுனியை யாரோ இழுத்தா. பாத்தா ஒரு பொண் கொழந்தை. பச்சை கவுன்.

கல்பனா: கலர் எனக்குத் தெரியாது. அம்மா எதிர்ல கீரை வாங்கப் போயிருந்தா. "ரெண்டு நிமிஷம், இங்கயே நில்லு"ன்னா. தமிழ்ச் சத்தம் கேட்டுது. அதனாலதான் இழுத்தேன். பெங்காலி பேசியிருந்தா இழுத்திருக்க மாட்டேன்.

வீரராகவன்: "மாமா, அந்தப் பக்கம் விடுறீங்களா"ன்னே. கூட்டிண்டு வந்தேன். இந்த மேடு வரைக்கும். எனக்கு இங்கதான் ட்ராம். அவன் மணி அடிச்சுண்டே வந்துட்டான். அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் லேட். மூணாவது லேட்டுன்னா ரெஜிஸ்டர்ல சிவப்புக் கோட்டுக்குக் கீழ கையெழுத்து, அரை நாள் லீவு போயிடும். அரை நாள் லீவும்மா. அதுக்காக...

கல்பனா: நான் என்ன கேட்டேன்?

வீரராகவன்: "மாமா, ரோடு முடிஞ்சிடுச்சா?"

கல்பனா: நீங்க?

வீரராகவன்: "ஆச்சு, ஆச்சு. நேராப் போ"ன்னேன். கையை உதறிட்டு ஏறிட்டேன்.

கல்பனா: திரும்பிப் பாத்தீங்களா?

வீரராகவன்: பிரேக் சத்தம் கேட்டுது. ஜன்னல் வழியாப் பாத்தேன். டாக்ஸி. ஒரு சின்னச் செருப்பு தனியாக் கிடந்தது. அப்போ எனக்குக் கண்ணு நன்னாத் தெரியும்.

கல்பனா: இறங்கல.

வீரராகவன்: இறங்கலை. அடுத்த ஸ்டாப்லயும் இறங்கலை. ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். கோட்டுக்கு மேலதான் போட்டேன்.

கல்பனா: கால்ல கம்பி வச்சாங்க. எட்டு மாசம் படுக்கை. அது போகட்டும். ஒரு மாமா கூட்டிட்டு வந்தார், தமிழ் பேசினார்னு சொன்னேன். யாரும் நம்பல. கொழந்தை தானா இறங்கி ஓடிச்சுன்னு ரோட்டுல இருந்தவங்க சொல்லிட்டாங்க. அம்மாவும் நம்பல. தமிழ் பேசற மனுஷர் அப்படிப் பண்ணுவாரான்னா. இந்த ஊர்ல ஒரு தமிழ்ச் சத்தம் கேட்டாலே சொந்தக்காரங்க வந்த மாதிரி ஓடுவா அவ. "ரெண்டு நிமிஷம் விட்டுட்டுப் போனேனே"ன்னு கடைசி வரைக்கும் தன்னையேதான் திட்டிக்கிட்டா.

வீரராகவன்: கடைசி வரைக்கும்னா...

கல்பனா: போயி நாலு வருஷம் ஆச்சு.

வீரராகவன்: நான் எப்பவோ வந்து அவாகிட்டச் சொல்லியிருக்கலாம்.

கல்பனா: சொல்லியிருக்கலாம்.

வீரராகவன்: கண்ணு போனப்போ, இதான் எனக்குத் தண்டனைன்னு நெனச்சுண்டேன். பெருமாள் சரியாக் கணக்குப் பாத்துட்டார்னு.

கல்பனா: அந்தப் பேச்சு வேணாம். நான் கண்ணு இல்லாமப் பொறந்தேன். எனக்கு எந்தத் தப்புக்குத் தண்டனை? சாமியை அவ்வளவு சின்னவராக்காதீங்க.

வீரராகவன்: தப்புதாம்மா. தப்பு. நாளைக்கு மேக்னா வரட்டும், அவளை வச்சுண்டு சொல்றேன். உன்னை அனுப்பின கண்ணு தெரியாதவா சங்கத்துல எல்லாரும் இருக்கறப்போ எழுந்து நின்னு சொல்றேன். இந்தப் பொண்ணு அன்னிக்குச் சொன்னது நெஜம்னு.

கல்பனா: யாருக்கு சார்? நம்பவேண்டிய அம்மா இப்ப இல்ல.

வீரராகவன்: அப்போ நான் என்னதான் பண்றது?

கல்பனா: சில நாள் எனக்கே சந்தேகம் வரும். நானே ஓடிட்டேனோ, மாமான்னு ஒருத்தர் இல்லவே இல்லையோன்னு. பச்சை கவுனுன்னு சொன்னீங்களே, அது எனக்கே தெரியாது. இனிமே சந்தேகம் வராது. எனக்குச் சொன்னது போதும்.

வீரராகவன்: போறாது.

கல்பனா: அப்ப முன்னால வாங்க. வண்டி நின்னாச்சு. இந்தப் பாதி ரோட்டுக்கு நான் கூட்டிட்டுப் போகல. நீங்க கூட்டிட்டுப் போங்க.

வீரராகவன்: நானா? எனக்கு...

கல்பனா: உங்களுக்குத் தெரியும். என்ஜின் எந்தப் பக்கம் கேக்குது?

வீரராகவன்: இடப்பக்கம். நிக்கறது. ஒரே எடத்துல நிக்கறது.

கல்பனா: தடியை முன்னால நீட்டுங்க. நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேன்.

வீரராகவன்: இந்தப் பக்கம் வா. வண்டி என் பக்கம் இருக்கட்டும். இறங்கறோம். ஒரு படி.

கல்பனா: மாமா, ரோடு முடிஞ்சிடுச்சா?

வீரராகவன்: இல்லை. இப்பத்தான் ஆரம்பம். என்னை விடாதே.

கல்பனா: முடிஞ்சிடுச்சா?

வீரராகவன்: இல்லைம்மா. தார் ரோடுதான். தடியில இன்னும் ஒண்ணும் தட்டலை. ஆறு, ஏழு...

கல்பனா: முடிஞ்சிடுச்சா?

வீரராகவன்: இல்லை. நில்லு! சைக்கிள் ஒண்ணு. மணி அடிக்கறான். போகட்டும்... போயிட்டான். வா. ஒம்போது. பத்து. ஓரத்துல தண்ணி நிக்கறது, காலைத் தூக்கி வை. தட்டறது. கல்லு. அவசரப்படாதே, இதுவும் மேடா இருந்துடப் போறது. இரு, நான் ஏறிப் பாக்கறேன். கையை விடலை, இங்கயேதான் இருக்கேன்... சுவர் இருக்கு. பூக்கடை. வாழையிலை வாசனை. ஏறு. இன்னொரு காலையும் தூக்கி வை. ரெண்டு காலும் மேல வந்துடுத்தா?

கல்பனா: வந்துடுச்சு.

வீரராகவன்: முடிஞ்சுடுத்தும்மா. ரோடு முடிஞ்சுடுத்து.

கல்பனா: ...

வீரராகவன்: அழறியா?

கல்பனா: இல்ல. மூச்சு வாங்குது. யாராவது பாக்கிறாங்களா நம்மளை?

வீரராகவன்: எனக்கெப்படித் தெரியும்? யாரும் பேசற சத்தம் கேக்கலை. கடையில ஆள் இன்னும் வரலை போலிருக்கு.

கல்பனா: நல்லது.

வீரராகவன்: உன்கிட்ட இன்னும் ஒண்ணு ஒளிச்சிருக்கேன். கண் ஆஸ்பத்திரியில, புதுசாக் கண்ணு போனவாளுக்கெல்லாம் நீ ஒரு நாள் பேசினே. எட்டு வயசு, லேக் மார்க்கெட், கால்ல கம்பின்னு நீ சொன்னப்போ நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். சங்கத்துல உன் பேரைச் சொல்லி, இவாதான் எனக்குச் சொல்லித் தரணும்னு கேட்டு வாங்கினவன் நான்தான். ஆப்பெல்லாம் ஒரு சாக்கு. மூணு வாரமா நீ வரப்பெல்லாம் சொல்லிடணும்னு உக்காருவேன். காபி குடுத்துட்டுப் பேச்சை மாத்திடுவேன்.

கல்பனா: தெரியும். சக்கரை போட மறக்கிறப்பெல்லாம் இன்னிக்கு சொல்லிடுவாருன்னு நெனைப்பேன்.

வீரராகவன்: அப்போ... உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

கல்பனா: முதல் நாள்லேர்ந்து. பெல் அடிச்சேன். உள்ளேர்ந்து "ஆச்சு, ஆச்சு, வந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே வந்து கதவைத் திறந்தீங்க. இருபத்தேழு வருஷமா என் காதுல இருக்கிற சத்தம் அது. அப்பவே முடிவு பண்ணிட்டேன். ரெண்டாவது நாள் உங்களை அந்த நடு மேட்டுல ஏத்தி நிறுத்தி, "ரோடு முடிஞ்சிடுச்சு சார், நேராப் போங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிடணும்னு. அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுக் கிளம்பினது அதுக்குத்தான். சந்துல ஒரு லாரி வந்துச்சு. நீங்க சத்தம் போடாம எனக்குப் பின்னால சுத்தி வந்து, லாரி வர்ற பக்கம் மாறி நின்னுக்கிட்டீங்க. கண்ணு தெரியாத பொண்ணு, இவளுக்கு எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சீங்க. அன்னிக்குப் பாதி வழியில, தலைவலின்னு திரும்பிட்டேன்... கையைக் குடுங்க மாமா. வீட்டுக்குப் போக இதே ரோட்டைத் திரும்பவும் தாண்டணும்.